உலோகத்தின் களைப்பு

ஆகாய விமானங்களின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் ஈர்த்தது வென்ற விமானம் அன்று, வீழ்ந்த விமானமே. அதன் பெயர் காமெட். 1952 மே 2ஆம் நாள் இலண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கிற்குப் புறப்பட்டு, உலகின் முதல் ஜெட் பயணச் சேவையைத் தொடங்கி வைத்த பிரிட்டிஷ் விமானம் அது.

அப்புகழ் ஈராண்டும் நிலைக்கவில்லை. 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவருகே ஒரு காமெட் நடுவானில் சிதறியது. 35 பேர் மாண்டனர். ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே மற்றொன்று வீழ்ந்தது. 21 பேர் மாண்டனர்.

கடலடியிலிருந்து மீட்ட சிதைவுகளை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தார் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தனர். வேறொரு காமெட்டை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, அதனுள் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். ஏறத்தாழ 3,000 பயணங்களுக்கு ஈடான அழுத்தத்தைத் தாங்கிய பின், சாளரத்தின் மூலையொன்றில் உடற்பகுதி பிளந்தது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல, விமானத்தின் உலோகத் தகடும் களைத்துப் போயிருந்தது!

விசாரணை பகிரங்கமாகவே நடந்தது. கண்டறிந்த குறை போட்டியாளர்க்கும் பாடமாயிற்று. 1958இல் திருத்திய காமெட் அட்லாண்டிக்கைக் கடந்தது. ஆயினும் அதே மாதம் சேவைக்கு வந்த அமெரிக்காவின் போயிங் 707 விமானமே சந்தையைக் கைப்பற்றியது.

என் மகன் வளைகுடா நாட்டிலிருந்து விமானத்தில் வரும் இரவுகளில் எனக்கு உறக்கம் பிடிப்பதில்லை. அப்போது அந்த நீர்த்தொட்டியை நினைத்துக் கொள்வேன். தம் குறையை மறைக்காதவர்கள் வணிகத்தை இழந்தார்கள். அவர்கள் கண்டறிந்த உண்மையோ யாருடைய பிள்ளைகளையோ பத்திரமாகத் தரையிறக்கிக் கொண்டிருக்கிறது.