சல்லடையில் மிஞ்சிய மா

மீனுக்கு இரை பிசைய எங்கள் உம்மா ஒருநாளும் நல்ல மா தந்ததில்லை. ரொட்டிக்கு அரித்து முடிந்த பிறகு சல்லடையில் தங்கும் கப்பியும் வண்டும் சாக்கு நூலும்தான் எங்கள் பங்கு. ரொட்டி தட்டிய பலகையில் ஒட்டிக் காய்ந்ததைச் சுரண்டி எடுக்கவும் அனுமதி உண்டு. அதற்கு மேல் ஒரு பிடி கேட்டால், "மனிசர் தின்னுறத மீனுக்குப் போட்டா பரக்கத்துப் போயிடும்" என்பார். பரக்கத்து எங்கே போகும், யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்கும் துணிச்சல் எங்களில் எவருக்கும் இருக்கவில்லை.

எல்லயைச் சுற்றியுள்ள தோட்டப்புறத்தில் வளர்ந்த பையன்களுக்கு இரை என்றால் இரண்டுதான். மாட்டுப்பட்டி எருவுக்குள் கிண்டி எடுக்கும் மண்புழு, இல்லாவிட்டால் மா. மண்புழுவுக்குக் காசில்லை. ஆனால் வெயில் காலத்தில் மண் காய்ந்தால் அது ஆழத்துக்கு இறங்கிவிடும். மா பிசைவதற்கு ஒரு முறை இருந்தது. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும். ஒரு பல் உள்ளியை நசுக்கிச் சேர்த்து, தலையணையிலிருந்து களவாக இழுத்த இலவம் பஞ்சை நார் நாராகப் பிய்த்து உள்ளே வைத்து மறுபடியும் பிசைய வேண்டும். பஞ்சில்லாத மா ஓடும் தண்ணீரில் நில்லாது. கொஞ்ச நேரத்தில் கரைந்து வெறும் முள்தான் மிஞ்சும். கொங்கிரீட்டுக்குள் கம்பி வைப்பது எதற்காக என்று வகுப்பில் விளங்கப்படுத்தும்போது இந்த இரையைத்தான் இன்றுவரை உதாரணம் காட்டுகிறேன். பொறியியல் எங்களுக்கு ஓயாக்கரையிலிருந்தே ஆரம்பமானது.

'எல்ல' என்ற சிங்களச் சொல்லுக்கே அருவி என்றுதான் பொருள். தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனாலும் மலைத் தண்ணீரில் கிடைப்பது விரல் நீள மீன்தான். கடல் மீனை நாங்கள் கண்டதெல்லாம் பண்டாரவளைச் சந்தையில், கண் வெளுத்து, ஐஸ் உருகிய தண்ணீரில் மிதந்தபடி. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்த பொத்துவில் நண்பன்தான் எனக்குக் கடலைக் காட்டியவன். அன்றிலிருந்து ஓகஸ்ட் விடுமுறை வந்தால் வெல்லவாய, புத்தல, மொனராகலை, சியம்பலாந்துவ, லாகுகல என்று ஏறத்தாழ நூற்றுமுப்பது கிலோமீற்றர் பஸ்ஸில் இறங்கிப் போவது வழக்கமாகிவிட்டது. அலைச் சறுக்குப் பலகையோடு எல்லயிலிருந்து அறுகம்பைக்குப் போகும் வெள்ளைக்காரர்களும் அதே பாதைதான். அவர்களுக்கு அலை வேண்டும். எங்களுக்கு அலை அடங்கிய இடம் வேண்டும்.

நண்பனின் வாப்பா முன்னொரு காலத்தில் வள்ளம் வைத்திருந்தவர். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வள்ளத்தில் ஏறவில்லை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கரையில் நின்று தங்கூசி வீசுவதோடு சரி. நான் முதல் தடவை கொண்டுபோன மா உருண்டையை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்து, "என்ன மகன், கடலுக்கு ரொட்டி சுட்டுக்கிட்டு வந்திரிக்கிங்க?" என்று கேட்டார். பிறகு அதைத் தூக்கி எறியாமல், "இதுக்கும் ஆள் இரிக்கி" என்று பத்திரமாக எடுத்து வைத்தார்.

ஆள் இருக்கத்தான் செய்தது. ஒரா மீன் கல்லில் படர்ந்த பாசியை மேய்ந்து வாழ்வது. அது மா இரைக்கு வரும். களப்பில் மணலையும் திலாப்பியாவும் வரும். ஆனால் விளைமீனுக்கும் பாரைக்கும் கொடுவாவுக்கும் மா ஒரு பொருட்டே இல்லை. இதற்குக் காரணம் உண்டு. இறால், கணவாய், சூடை போன்றவற்றின் சதையிலிருந்து அமினோ அமிலங்கள் தண்ணீரில் கரைந்து பரவும். வேட்டை மீனின் மூக்குக்கு அவைதான் தெரிந்த பாஷை. மாச்சத்து அப்படிப் பேசாது. கலங்கிய களப்பு நீரில் கண்ணைவிட மூக்குத்தான் முந்தும். கெளுத்திக்கோ மீசையிலும் தோலிலும்கூடச் சுவை அரும்புகள் உண்டு; உடம்பு முழுவதும் நாக்கு என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். வாப்பாவுக்கு இந்த விஞ்ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. "மணம் போகோணும், மீன் வரோணும்" என்பதோடு அவருடைய பாடம் முடிந்தது.

அந்த வீட்டில் இரை செய்யும் நாள் ஒரு சிறிய கந்தூரி போலிருக்கும். முதல்நாள் பகலே மாமி இறால் உரிக்கும்போது தலையும் கோதும் வேறு சட்டியில் விழும். மீன் வெட்டிய பிறகு செவுளும் தலையும் அதே சட்டிக்கு. மாலையில் வாப்பா திண்ணையில் சாக்கு விரித்து உட்கார்ந்து அவற்றை மர உரலில் போட்டு இடிப்பார். இடித்ததற்கு இரண்டு மடங்கு, ஊறவைத்த தேங்காய்ப் பிண்ணாக்கு சேரும். வெறும் சட்டியில் வறுத்துத் தூளாக்கிய கூனி ஒரு கை சேரும். கடைசியாக ஒரு கை கடற்கரை மணல். மணல் எதற்கு என்று என் மகன் கேட்டான். "இல்லாட்டி நீங்க எறியிற சாப்பாடு மேலால மிதந்து திரிகோணமலைக்குப் போயிடும் மகன். எங்கட காலடியில தாழோணும்." இது முள்ளில் கோர்ப்பதற்கல்ல, உருண்டை பிடித்து வீசி மீனைக் கூட்டுவதற்கு.

முள்ளுக்குரியது சூடை. அதைத் தோலோடு விரலகலத் துண்டுகளாக வெட்டி, ஒரு பழைய தகரத்தில் கல்லுப்பு ஒரு படை, மீன் ஒரு படை என்று அடுக்கி இரவு முழுவதும் வைப்பார். விடியும்போது உப்பு மீனின் தண்ணீரை இழுத்துக் குடித்திருக்கும். சதை வார்போல இறுகிவிடும். பச்சைச் சூடையைச் சின்ன மீன்களே கொத்திக் கொத்தி முடித்துவிடும். உப்பிட்டது நின்று பிடிக்கும். தலையணைப் பஞ்சு எங்களுக்குச் செய்த வேலையை அங்கே உப்பு செய்கிறது. நான் கொண்டுபோன மாவையும் அவர் விடவில்லை. கல்லில் சுரண்டிய பச்சைப் பாசியை அதில் சேர்த்துப் பிசைந்து, கொதிநீரில் போட்டு, மிதந்து வரும்போது அரித்தெடுத்தார். வெந்த மா இறப்பர் போல ஆகிவிட்டது. அதுதான் ஒராவுக்கு. ஒராவின் முதுகு முள்ளில் நஞ்சுண்டு. குத்தினால் பொழுது சாயும் வரை கை விண்ணென்று தெறிக்கும். எனவே அதைக் கழற்றும் உரிமையை அவர் எவருக்கும் கொடுப்பதில்லை.

பக்கத்துக் கோழிக்கடையில் குடலும் ஈரலும் சும்மா கிடைக்கும். இளைஞர்கள் சிலர் அதை வெயிலில் நாற வைத்து இரையாக்குகிறார்கள். மீனும் படத்தான் செய்கிறது. அது கூடுமா கூடாதா என்று திண்ணையில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. அசுத்தம் தின்று வளர்ந்த பிராணியின் இறைச்சியைப் பற்றி பிக்ஹு கிதாபுகளில் பேச்சு இருக்கிறதென்று ஒருவர் எடுத்தார். ஒரு துண்டுக் குடல் தின்ற பாரை அந்தக் கணக்கில் வராது என்று இன்னொருவர் மறுத்தார். வாப்பா இரண்டு பக்கமும் சேரவில்லை. "எனக்கு அஸர் கரையிலதான். இந்தக் கையோட, இந்தச் சாரனோட நான் எப்படித் தொழுற?" என்றார். ஃபத்வா கேட்கப் போனவர்கள் அதோடு எழுந்து போனார்கள். சட்டத்தைக் கிதாபில் தேடுவதும் சாரனில் தேடுவதும் வேறு வேறு வழிகள்; எனக்கு இரண்டாவது வழியில் மரியாதை அதிகம்.

உயிர் இறாலிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கொடுவாவுக்குத் துடிக்கும் இறாலைப் போல இரை வேறில்லை என்பது கரையோரம் முழுவதும் தெரிந்த சங்கதி. அவரோ தலையைக் கிள்ளிய பிறகே கோர்ப்பார். உயிருள்ள ஒன்றை இலக்காக நிறுத்தி எறிவதை நபியவர்கள் (ஸல்) தடுத்ததை ஜும்ஆவில் கேட்டிருக்கிறாராம். இரை வேறு, இலக்கு வேறு என்று அவருடைய மகனே வாதாடினான். "கொடுவா குறைஞ்சா குறையட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இறாலின் தலையைக் கிள்ளினார். உண்மையில் குறையத்தான் செய்தது. பக்கத்தில் நின்றவர்களின் கூடைகளை நானே பார்த்தேன்.

நாங்கள் நிற்கும் இடம் களப்பு கடலோடு சேரும் வாய். சியம்பலாந்துவைப் பக்கமிருந்து, அதாவது எங்கள் ஊவாவிலிருந்து, இறங்கி வரும் ஹெட ஓயாவின் தண்ணீர் அறுகம் களப்புக்குள் வந்து உப்போடு கலக்கிறது. இரு நீர் சந்திக்கும் இடத்தில் மீன் கூடும் என்பது அனுபவம். வெள்ளிக்கிழமைகளில் கஹ்பு சூறா ஓதுகிறவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். மூஸா நபியும் (அலை) உடன் சென்ற இளைஞரும் இரு கடல் சந்திக்கும் இடம் தேடிப் போனபோது பசிக்கென்று கொண்டுபோனது ஒரு மீன். அது கடலுக்குள் தன் வழியே போய்விட்டது. அது தவறிய இடத்தில்தான் தேடிப்போனவரைக் கண்டார்கள். அந்த ஹிழ்று நபியின் பெயரில் எங்கள் மாகாணத்திலேயே, கதிர்காமத்தில், பள்ளியிருக்கிறது. வாப்பா சொன்னார்: "தின்ன வச்ச சாப்பாடு கடலுக்குப் போய்ப் பெரிய நன்மை வந்தது அந்த ஒருக்காத்தான் மகன். நம்மட சாப்பாடு போனா போனதுதான். அதால யோசிச்சுப் போடோணும்."

உம்மாவின் சல்லடையும் இவருடைய உரலும் ஒரே கணக்கைத்தான் பார்க்கின்றன என்பது எனக்கு 2022இல் நன்றாக உறைத்தது. அதற்கு முந்திய வருடந்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆகியிருந்தது. 2022இல் ஒரு கிலோ கோதுமை மா முந்நூறு ரூபாயைத் தாண்டியது. லயத்தில் காலையும் இரவும் ரொட்டிதான். ஐந்து பேருள்ள வீட்டுக்கு ஒரு கிலோ ஒரு நாளைக்கே இழுபறி. எங்கள் பாடசாலையில் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் தலைசுற்றி உட்கார்ந்தார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், வெறுந்தேத்தண்ணீர் என்று சொல்லவும் வெட்கப்பட்டு, "ரொட்டி சேர்" என்பார்கள். ரொட்டி தின்ற முகம் எப்படியிருக்கும் என்று தெரியாதவனா நான்? அதே நாட்களில் கரையில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் மணலில் கிடந்தன. கடலுக்குப் போகிறவர்களும் களப்பு வாயில் வந்து தூண்டிலோடு நின்றார்கள்.

அக்காலத்தில் பாடசாலைக்கு வந்த ஓர் அதிகாரி, பகலுணவு கொடுத்தால் வரவு கூடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். சொன்னது சரிதான், சாப்பாடு உள்ள நாளில் வாங்குகள் நிறையும். ஆனால் அவர் அதோடு நிற்காமல், "தூண்டில்ல இரை மாதிரித்தானே மாஸ்டர்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரைக்குள்ளே முள் இருக்கும். பசித்த பிள்ளைக்கு முன்னால் வைக்கும் கோப்பைக்குள் எந்த முள்ளை ஒளித்திருக்கிறோம் என்று கேட்க நினைத்தேன். மணி அடித்துவிட்டது.

அந்த வருடத்துக்குப் பிறகு இரைக்கென்று கடையில் மா வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன். மார்க்கம் பேச வரவில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான். இப்போது பேக்கரியில் விற்காமல் காய்ந்துபோன பாண் ஓரங்களைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.  ஊறவைத்துத் துணியில் பிழிந்து, கூனித் தூளும் பாசியும் சேர்த்து, ஒட்டுவதற்கு உம்மா வீட்டுச் சல்லடைக் கப்பியை ஒரு பிடி போட்டுப் பிசைந்தால், புது மாவில் செய்ததைவிட மோசமில்லை. புளித்த வாடை மணலைக்குப் பிடிக்கிறதென்றே நினைக்கிறேன். வாப்பாவும் மணந்து பார்த்து, "இது நல்லம்" என்று ஒப்புக்கொண்டார். கடந்த விடுமுறையில் அந்த இரைக்கு ஏழு ஒராவும், உப்பிட்ட சூடைக்கு இரண்டு விளைமீனும் பட்டன. கொடுவா இல்லை. மிச்ச இரையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க மாமி எந்தக் காலத்திலும் சம்மதித்ததில்லை என்பதால் அது வாத்துகளுக்குப் போனது.

திரும்பும்போது மகன் உப்பிட்ட சூடைத் துண்டுகளை ஒரு ஜாம் போத்தலில் அடைத்து எனக்குத் தெரியாமல் பையில் வைத்திருந்தான். லாகுகல தாண்டியதும் பஸ் முழுவதும் நாற்றம். கண்டக்டர் ஒவ்வோர் ஆசனமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். நான் யானை பார்ப்பது போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்த மறுநாளே அவன் அதை எங்கள் ஓயாவில் இறக்கிப் பார்த்தான். மீன் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. கல்லிடுக்கிலிருந்து கபில நிற நண்டு ஒன்று வந்து கவ்வியது. தண்ணீருக்கு மேலே தூக்கிய பிறகும் துண்டை விடவில்லை. அதை வாளியில் போட்டுக்கொண்டு வந்து, "வாப்பா, ஆத்து நண்டு தின்னலாமா?" என்று கேட்டான். பள்ளி ஹஸரத்திடம் கேட்டு வா என்று அனுப்பினேன். அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல இத எடுத்த இடத்துல விட்டுட்டு வாங்க மகன், அதுக்குப் பிறகு ஆறுதலாப் பேசுவம்" என்றாராம்.