புடாபெஸ்டில் மெத்தென்ற பலகாரம் தேடிய கதை

பல் போனால் சொல் போகும் என்பது பழமொழி. சொல் போவதற்கு முன்னரே சோறு போய்விடுகிறது என்பது எங்கள் அநுபவம். அதுவும் சோற்றை அறியாத ஊரில் பல்லை இழந்தவர் பாடு எவ்வாறிருக்கும் என்பதை அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம். சென்ற ஐப்பசிக் கடைசியில் ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில் நாங்கள் எட்டு நாட்கள் தங்கியிருந்தோம். அரண்மனைகளையும் பாலங்களையும் காணச் சென்றோமல்லோம். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளச் சென்றோம். எங்கள் இருவருள் பல்லை இழந்தவர் யார் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை. ஒருவரை நோயாளி என்றும் மற்றவரைத் துணைவர் என்றும் குறித்தால் போதும்.

பல்லுக்கு ஹங்கேரி எதற்கு என்று மாதுங்கா நண்பர்கள் கேட்கிறார்கள். எங்கள் மகள் குடும்பம் ஆஸ்திரியாவில் வியன்னா நகரில் இருக்கிறது. தீபாவளிக்கு அங்கே சென்றிருந்தபோது, பம்பாயிலிருந்து நாங்களே சுமந்து சென்ற முள்ளு முறுக்கு ஒன்று, ஏற்கெனவே சொத்தையாயிருந்த பல்லை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஈறு வீங்கிற்று. ஊர் திரும்ப இன்னும் ஐந்து வாரம் இருந்தது; அதுவரை தாங்காது என்றார்கள். வியன்னாவில் கேட்ட கட்டணமோ எங்களை மலைக்க வைத்தது. அப்போது மகளின் அண்டை வீட்டார்தாம் வழி சொன்னார்கள். ஆஸ்திரியர்கள் பல் வைத்தியத்துக்கு எல்லை கடந்து ஹங்கேரிக்குச் செல்வது நெடுநாளைய வழக்கமாம். எல்லையை அடுத்த ஷோப்ரோன், மொஷொன்மாட்யாரோவார் என்னும் சிற்றூர்களில் தெருவுக்குத் தெரு பல் வைத்தியர் பலகை தொங்குகிறது. கட்டணம் குறைவு, கைத்திறன் குறைவன்று. ஹங்கேரி 2007-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் ஷெங்கன் உடன்பாட்டில் சேர்ந்திருப்பதால், ஆஸ்திரியா கொடுத்த அந்த விசாவே நமக்கு அங்கும் செல்லும். மருமகனுக்குத் தெரிந்த ஒரு வைத்தியர் புடாபெஸ்டில் இருந்தமையால் நாங்கள் சிற்றூர்களை விட்டுத் தலைநகருக்கே ரயில் ஏறினோம். மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம்.

அந்நகரின் மருத்துவப் பல்கலைக்கழகம் ஸெம்மல்வைஸ் என்பவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பூடா நகரில் பிறந்த அவர், 1847-இல் வியன்னா மருத்துவமனையில், பிரசவம் பார்க்கும் வைத்தியர் கை கழுவினால் தாய்மார் சாவு குறையும் என்று காட்டியவர். அக்காலத்து வைத்தியர் பலர் அதை ஏற்க மறுத்தனர். எங்கள் பல் வைத்தியர் கை கழுவிய நேரத்தைக் கண்டபோது இந்த வரலாறு எங்களுக்கு நினைவுக்கு வந்து சற்றே ஆறுதல் அளித்தது.

பிடுங்கியது அரை மணி வேலை. அதற்குப் பிறகு அவர் சொன்ன விதிகளே எங்கள் எட்டு நாட்களையும் ஆண்டன. பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். அந்தக் கட்டியே புண்ணுக்கு மூடி. அதன் அடியிலேதான் புதுத் தசை வளர வேண்டும். அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளிப்பட்டு, மூன்றாம் நான்காம் நாளில் காது வரை பாயும் வலி தோன்றும். ஆகையால் முதல் நாள் வாய் கொப்பளிக்கலாகாது, உறிஞ்சு குழலால் எதையும் உறிஞ்சலாகாது, சூடாக எதுவும் கூடாது, மது கூடாது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். உணவு மெத்தென்று இருக்க வேண்டும். தூளாக உதிர்வதும், சிறு விதை உள்ளதும், பல்லில் ஒட்டுவதும் ஆகா. தையலை எட்டாம் நாள் பிரிப்பார்.

மெத்தென்ற உணவுதானே, பலகாரக் கடைகள் நிறைந்த ஊரில் அதற்கா பஞ்சம் என்று நாங்கள் எண்ணினோம். புடாபெஸ்டில் அடுமனை இரு வகை. ரொட்டியும் உப்புப் பண்டமும் விற்பது ‘பேக்‌ஷேக்’. இனிப்பும் காப்பியும் விற்பது ‘ட்சுக்ராஸ்தா’. இப்பெயரின் வேர் சர்க்கரையைக் குறிக்கும் ‘ட்சுகொர்’ என்னும் சொல். நம் நாட்டு ‘சர்க்கரா’ பாரசீகம், அரபு, இத்தாலி மொழிகள் வழியாக நடந்து நடந்து அங்கே போய் அந்த உருவம் எடுத்திருக்கிறது. உறவு முறைச் சொல் ஒன்று கடைப்பலகையில் இருக்கக் கண்டு மகிழ்ந்து உள்ளே நுழைந்தோம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவற்றுள் பாதி, பார்வைக்கு மெத்தை, உள்ளே பகை. அந்நாட்டின் புகழ் பெற்ற தோபோஷ் கேக்கை எடுத்துக்கொள்வோம். யோஷெஃப் தோபோஷ் என்பவர் 1885-இல் புடாபெஸ்ட் பொருட்காட்சியில் முதன்முதல் வைத்தது. மெல்லிய மாவடுக்குகள், நடுவே வெண்ணெயும் சாக்லேட்டும் குழைத்த பூச்சு. இவ்வளவோடு நின்றிருந்தால் பல்லில்லாதவருக்கு அமுதம். ஆனால் குளிர்பெட்டி இல்லாத அக்காலத்தில் கேக் உலர்ந்து போகாமலிருக்க வேண்டும் என்று, உச்சியில் பாகை முறுகக் காய்ச்சி ஊற்றிக் கண்ணாடிபோல் இறுகவிட்டார் அவர். நம் ஊர்க் கமர்கட்டைத் தகடாகத் தட்டினாற்போன்றது. 1906-இல் தம் செய்முறையை மிட்டாய்த் தொழிலாளர் சங்கத்துக்கே கொடுத்துவிட்டாராம்; பெருந்தன்மைதான். ஆயினும் அந்தத் தகடு உடையும்போது எழும் சில்லுகளைக் கண்டு நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது கசகசா. ‘மாக்’ என்று சொல்கிறார்கள். நாம் குருமாவுக்கு ஒரு தேக்கரண்டி அரைக்கிறோம். அதுவும் வெள்ளைக் கசகசா. அவர்களோ கருநீலக் கசகசாவைப் படி படியாக அரைத்துச் சர்க்கரை சேர்த்து மாவுச் சுருளுக்குள் திணிக்கிறார்கள். துபாய்க்குக் கொண்டுபோனால் சிறைக்கு அனுப்பக்கூடிய பண்டம் இங்கே குழந்தைகள் தின்பண்டம்! ஒரு விதை குழிக்குள் புகுந்தால் போதும் என்று வைத்தியர் குறிப்பாகவே எச்சரித்திருந்தார். எஸ்தெர்ஹாஸி கேக்கிலும் ஷோம்லோயி என்னும் கிண்ணப் பலகாரத்திலும் அக்ரூட் பருப்பு ஒளிந்திருக்கிறது. தெருமுனையில் கட்டையில் சுற்றித் தணலில் வாட்டும் புகைபோக்கி ரொட்டியின் மணம் ஒரு பர்லாங்கு வீசும். அதன் மேல்தோடோ முறுகிய சர்க்கரை. அதைக் கடந்து செல்ல எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தோம்.

இவையெல்லாம் பல்லைப் பற்றிய தொல்லை. இதனினும் பெரிய தொல்லை வேறொன்று. எங்கள் நோயாளி பிறந்த நாள் முதல் முட்டை தொடாதவர். துணைவர் அப்படியல்லர், அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் வந்தால் மறுத்ததில்லை. இல்லறத்தில் இது இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் வழக்காக வந்ததில்லை, புடாபெஸ்டில் வந்தது. முதல் மூன்று நாளும் ஆறிய பால், தயிர், மசித்த வாழைப்பழம். கிருமிக் கொல்லி மாத்திரை வெறும் வயிற்றை எரித்தது. நான்காம் நாள் காலை நோயாளிக்கு எழுந்து நிற்கையில் தலை சுற்றிற்று. கண்கள் உள்ளே போய்விட்டன. வயிற்றில் நிற்கும்படி ஏதேனும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற அச்சம் துணைவரைப் பற்றிக்கொண்டது.

அன்று வெயில் அடித்ததால் மெல்ல பேருந்து ஏறிப் பூடா மலைக்குச் சென்றோம். அங்கே 1827 முதல் நடந்துவரும் ருஸ்வுர்ம் என்னும் சிறு கடை இருக்கிறது. ‘கிரேமெஷ்’ அதன் கீர்த்தி. இரண்டு மெல்லிய தகட்டு மாவுக்கு நடுவே நான்கு விரல் உயரம் மஞ்சள் நிறப் பாலேட்டுக் களி. மேல்தகட்டை நீக்கிவிட்டால், விழுங்குவதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற பண்டம். மஞ்சள் நிறம் எதனால் என்பது துணைவருக்கு விளங்காமல் இல்லை. கேட்காமல் வாங்கி, சொல்லாமல் கொடுத்துவிட்டால் என்ன? உடம்பு தேறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் ஒரு பக்கம் வாதாடியது. தட்டைக் கையில் ஏந்திய பிறகும் அந்த வாதம் ஓயவில்லை. மேசைக்கு வந்து தட்டை வைத்தவுடன், “இதில் முட்டை இருக்கிறது, உங்கள் விருப்பம்” என்று சொல்ல மட்டுமே முடிந்தது. நோயாளி தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். “அறுபத்து மூன்று வருஷம் இல்லாதது இந்த ஒரு பல்லுக்காகவா?” என்றார். “மயங்கி விழுந்தால் இந்த ஊரில் நான் யாரைக் கூப்பிடுவேன்?” என்றார் துணைவர். மலையிலிருந்து இறங்கும் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கிரேமெஷை யார் தின்றார் என்பது வேறு கதை.

அன்று மாலை விடுதிப் பணியாளர் ஒருவர் எங்களுக்கு இரண்டு உதவி செய்தார். முதலாவது, ஒரு சட்டத்தைச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014-ஆம் ஆண்டு டிசம்பர் முதல், ஒவ்வாமை தரக்கூடிய பதினான்கு பொருள்கள் பண்டத்தில் இருந்தால் கடைக்காரர் தெரிவித்தாக வேண்டும். பொட்டலத்தில் அப்பெயர்கள் தடித்த எழுத்திலோ வேறுபட்ட எழுத்திலோ இருக்கும். தட்டில் விற்கும் கடையிலும் கேட்டால் சொல்ல வேண்டும். முட்டை, பால், அக்ரூட், எள் ஆகியவை அப்பட்டியலில் உண்டு. நம்மவர் மறந்தும் மறக்கக் கூடாதது, பன்றிக் கொழுப்பும் கசகசாவும் அப்பட்டியலில் இல்லை என்பதே. ‘பொகாச்சா’ என்னும் உப்பு ரொட்டியைப் பஞ்சு போல் இருக்கிறதே என்று எடுத்தால், அதில் பன்றிக் கொழுப்பின் வறுத்த துணுக்குகள் கலந்த வகையும் இருக்கும். சட்டம் நம்மைக் காக்காது. வாய் திறந்து கேட்டே ஆக வேண்டும். இரண்டாவது உதவி, ஒரு துண்டுத் தாளில் மாட்யார் மொழியில் எழுதிக் கொடுத்தார்: மெல்ல இயலாது, முட்டை வேண்டாம், கொழுப்பு வேண்டாம், கசகசா வேண்டாம், மது வேண்டாம். கடைசியில் ‘புஹா’ என்று எழுதிக் கோடிட்டார். மெத்தென்றது என்று பொருளாம். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டும் சொல்லக்கூடிய ஒரே ஹங்கேரியச் சொல் அதுதான்.

மறுநாள் பெஸ்ட் பக்கத்துச் சந்து ஒன்றில், நான்கு மேசை மட்டுமே உள்ள ட்சுக்ராஸ்தாவில் தாளை நீட்டினோம். கடைக்கார அம்மையாருக்கு எழுபது வயதிருக்கும். பள்ளி விட்டு வந்த சிறுவர்கள் அவரை ‘நேனி’ என்று அழைத்தார்கள். நாம் அத்தை, மாமி என்பது போல அங்கே முதிய பெண்களை அழைக்கும் முறை. நேனி தாளை இரண்டு முறை படித்தார். நோயாளியின் கன்ன வீக்கத்தைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியில் ஒவ்வொன்றாகச் சுட்டித் தாமே தலையை அசைத்து விலக்கிக்கொண்டு வந்தார். பிறகு விரலை உயர்த்தி, உள்ளே போனார்.

அவர் கொண்டுவந்தது ஒரு கண்ணாடிக் கிண்ணம். உள்ளே பழுப்பு நிறத்தில் இடியாப்பம்! செஸ்ட்நட் என்னும் கொட்டையை வேகவைத்துத் தோலுரித்து, சர்க்கரை சேர்த்து மசித்து, துளையிட்ட அச்சில் பிழிவார்கள். மேலே அடித்த பாலேடு. ‘கெஸ்தென்யே பூரே’ என்று பெயர். இலையுதிர் காலத்தில் அக்கொட்டையைத் தெருவில் சுட்டு விற்பதை முன்பே கண்டிருந்தோம். இப்படியும் ஒரு பிறவி அதற்கு உண்டென்பதை அறியோம். முட்டை இல்லை, கொழுப்பு இல்லை, விதை இல்லை. ரம் சேர்ப்பது அதில் வழக்கமாம். நேனி புட்டியைக் காட்டிக் கையை அசைத்து, சேர்க்காததை எங்களுக்குப் பிழிந்தார். சுவை எப்படி? அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் பால்கோவாவுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நாக்கிலேயே கரைந்து இறங்குகிறது. நோயாளி ஒரு கிண்ணம் முடித்து, இரண்டாவதற்குக் கையை நீட்டினார். துணைவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எஞ்சிய நாட்களில் அந்தக் கடையே எங்கள் சத்திரம். சர்க்கரை நோயுடைய அன்பர்களுக்கு இக்கட்டுரையால் பயனில்லை. அவர்கள் கோதுமை ரவையைப் பாலில் வேகவைத்த ‘தெய்பெக்ரீஸ்’ என்னும் பாயசத்தைச் சர்க்கரையின்றிக் கேட்டு வாங்கலாம். ரவை அந்நாட்டுக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆறாம் நாளிலிருந்து ரொட்டியும் இறங்கிற்று. பிறை வடிவான ‘கிஃப்லி’யின் நடுப்பகுதியைப் பிய்த்து, ஆறிய பாலில் ஊறவிட்டு, நல்ல பக்கத்துப் பல்லால் மென்றால் நம் இரானிக் கடை பன் மஸ்காவைத் தேநீரில் தோய்த்த சுகம். ஓரங்கள் துணைவருக்கு.

எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். குழி நன்றாக மூடிக்கொண்டு வருகிறது என்றார் வைத்தியர். புறப்படும் முன் நேனியிடம் விடைபெறச் சென்றோம். உறைய வைத்த செஸ்ட்நட் விழுது அங்காடிகளில் பொட்டலமாகக் கிடைக்கும் என்று கையால் அளவு காட்டிச் சொன்னார். ரம் மணம் சேர்ந்ததா என்று அட்டையைப் படித்துப் பார்த்து நான்கு வாங்கினோம். வியன்னாவில் மகள் வீட்டில் அதைப் பிழியும் அச்சு இல்லை. சமையலறை மேல்தட்டிலிருந்து, கல்யாணத்தின்போது நாங்கள் கொடுத்தனுப்பிய பித்தளை இடியாப்ப நாழியை எடுத்தாள். பேரன் கைப்பிடியைப் பிடித்து அழுத்த, பழுப்பு இழைகள் தட்டில் விழுந்தன. தேங்காய்ப் பால் எங்கே என்று கேட்டான்.