முகமூடியும் கடைவாய்ப் பல்லும்

திங்கட்கிழமை, மாலை

மேல்வரிசையில் இடப்புறத்துக் கடைவாய்ப் பல்லை நாளைக் காலையில் எடுத்துவிடுவதென்று இன்று நிச்சயமாயிற்று. சொத்தை வேர் வரையில் இறங்கி, பல்லே இரண்டாகப் பிளந்துவிட்டபடியால், ரூட் கனால் செய்தாலும் நிற்காது என்பது வைத்தியரின் அபிப்பிராயம். ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் இருக்கும் அந்தப் பல் மருத்துவமனையில், புதிதாக வருகிறவர்கள் நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவத்தில், சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, இருதய வியாதி உண்டா, ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒவ்வாதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டம் போட்டிருந்தார்கள். நித்திரையில் சுவாசம் தடைப்படும் வியாதி உண்டா என்று கேட்க மட்டும் ஒரு வரி இல்லை. ஆகவே படிவத்தின் ஓரத்தில், ‘இரவில் சிபேப் யந்திரம் வைத்துக்கொண்டு உறங்குகிறேன்’ என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

அதைப் படித்ததும், என் மகளைவிட வயதில் இளையவரான அந்த வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“மாஸ்க் எந்த மாதிரி சார்? மூக்குக்கு மட்டுமா, வாயையும் சேர்த்து மூடுமா?”

“வழக்கமாகப் போடுவது இரண்டையும் மூடுவதுதான் அம்மா. மூக்குக்கு மட்டும் உள்ளதும் ஒன்று வீட்டில் இருக்கிறது.”

“நாளைக்கு ரெண்டையும் எடுத்துட்டு வந்துடுங்க. உங்க செஸ்ட் டாக்டர் நம்பரும் குடுங்க, நானே பேசிடறேன்.”

இரண்டு வைத்தியர்கள் ஒரு நோயாளியைக் குறித்துத் தாங்களே பேசிக்கொள்வதென்பது எவ்வளவு அபூர்வம் என்று அநுபவித்தவர்களுக்குத் தெரியும். பல்லுக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர் என்று தேகத்தைப் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவர்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் பொறுப்பை நோயாளியின் தலையில் வைத்துவிடுகிறோம்; அவனோ எந்தச் செய்தி முக்கியமானது என்று அறியமாட்டாதவன்.

செவ்வாய்க்கிழமை, இரவு

பல்லை எடுத்தாயிற்று. ஊசி போட்ட மரப்பு இறங்கி, வலி மெல்லத் தலைகாட்டுகிறது.

பிடுங்குவதற்கு முன் எக்ஸ்ரே படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். வேர்களின் நுனிக்கு மேலே, மேல்தாடை எலும்பினுள் இருக்கும் காற்றறையின் கரிய நிழல் தெரிந்தது. வேருக்கும் அந்த அறைக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. எலும்பென்று அங்கே இருப்பது அவ்வளவுதான். அந்த அறைக்கு மூக்கினுள் வாசல் உண்டு. பல்லோடு அந்த மெல்லிய எலும்பும் பெயர்ந்து துவாரம் விழுந்துவிட்டால், மூக்கின் காற்று வாய்க்கும், வாயின் நீர் மூக்குக்கும் வழி கண்டுவிடும். மூக்கைப் பலமாகச் சிந்தினாலே புண் ஆறாமற் போகக்கூடிய அவ்விடத்தில், இரவு முழுவதும் அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் யந்திரம் என்ன உபத்திரவம் செய்யும் என்பதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. அப்படி நேர்ந்தவர்கள் துவாரம் மூடி ஆறும் வரையில் யந்திரத்தை நிறுத்திவைக்க வேண்டிவரும். காற்று சதைக்குள் புகுந்து முகம் வீங்குவதுங்கூட எப்போதாவது உண்டாம்.

எனக்குத் துவாரம் விழவில்லை. அதை நன்றாகப் பரீட்சித்துப் பார்த்துத் தையல் போட்ட பிறகு, என் எதிரிலேயே செஸ்ட் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து, இருவரும் கலந்து ஒரு முடிவு சொன்னார்கள். யந்திரத்தை ஓர் இரவும் நிறுத்த வேண்டாம். வாயையும் மூடும் முகமூடியை ஒதுக்கிவைத்துவிட்டு மூக்குக்கு மட்டும் உள்ளதைப் போட வேண்டும். வாய் திறந்து காற்று புண்ணின் மேல் வீசாதபடி மோவாய்க்கு ஒரு பட்டை. தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் போதும், தூக்க மாத்திரையும் மயக்கம் தரும் கடுமையான வலிநிவாரணிகளும் கூடவே கூடாது. “தும்மல் வந்தா அடக்காதீங்க சார், வாயைத் திறந்து தும்முங்க. குடிக்கிற தண்ணி மூக்கு வழியா வந்தாலோ, புண்ணுல காத்து குமிழ் விட்டாலோ, மெஷினை நிறுத்திட்டு எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணுங்க.”

புதன்கிழமை

மருந்து விஷயத்தில் அவர்கள் அத்தனை கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. விழித்திருக்கும்போது தொண்டையை விரித்துப் பிடித்திருக்கும் தசைகள் உறக்கத்தில் தளர்ந்துவிட, நாக்கின் அடிப்பாகம் பின்னுக்குச் சரிந்து, சிலருக்குச் சுவாசப் பாதையே அடைபட்டுப்போகிறது. மார்பு ஏறி இறங்கும். காற்றோ உள்ளே போகாது. ரத்தத்தில் பிராணவாயு குறைய, மூளை அலறியடித்து ஒரு கணம் எழுப்பிவிட, பெருங்குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. இப்படிப் பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் கூட்டி, மணிக்கு 30-க்கு மேற்பட்டால் கடுமையான நோயென்று கணக்கிடுகிறார்கள். என் பரிசோதனைத் தாளில் 38 என்றிருந்தது. எழுப்பிவிடும் அந்த மூளையையும் மருந்தால் மயக்கிவிட்டால், அப்புறம் காவல் யார்?

இந்த வியாதிக்கு 1980 வரையில் நிச்சயமான பரிகாரம் கழுத்தில் துளையிடுவது ஒன்றே. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து வைத்தியர் காலின் சல்லிவன் அந்த வருஷத்தில், மூக்கின் வழியே சிறிதளவு அழுத்தத்தோடு காற்றை இடைவிடாமல் செலுத்தினால் அதுவே தொண்டையைத் திறந்து நிறுத்துமென்று கண்டு, வீடு சுத்தம் செய்யும் கருவியின் மோட்டாரைக்கொண்டு முதல் யந்திரத்தை அமைத்தார். மறு வருஷம் ஐந்து நோயாளிகளின் விருத்தாந்தத்தை ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டார். அழுத்தம் பெரிதல்ல, எனக்கு வைத்திருப்பது பத்து சென்டிமீட்டர் நீரின் கனம். கிணற்றில் தோண்டி கட்டியிறக்கும் ஆழம்கூட அது இல்லை. ஆனால் அதுவே என் இரவுகளைத் திருப்பித் தந்திருக்கிறது.

நேற்றிரவு சுகமாகக் கழிந்ததென்று சொல்ல முடியாது. முகமூடியின் பட்டை காதுக்குக் கீழே இறங்கும் வழியில் வீங்கிய கன்னத்தின் மேலேயே அழுந்திற்று. என் மனையாள் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகி, “இப்ப எப்படி இருக்கு, பாருங்க” என்றாள். அதற்குப் பிறகுதான் கண்ணயர முடிந்தது. பட்டையை இறுக்கினால் வலி, தளர்த்தினால் மூக்கோரம் காற்று சீறிக் கண்ணில் அடிக்கிறது. ஈரப்பதப் பெட்டியில் டிஸ்டில்டு வாட்டரை நிறைத்து, ஈரத்தின் அளவை வழக்கத்தைவிடக் கூட்டிவைத்தோம். எங்கள் தெருவின் போர் தண்ணீரை ஊற்றினால் சில நாளிலேயே தட்டில் வெள்ளையாக உப்புப் படிந்துவிடும். வாயின் ஈரத்தை அலட்சியம் செய்யலாகாது. பல்லைக் காப்பாற்றுவது உமிழ்நீர். வருஷக்கணக்காக வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறவர்களுக்கு அது இரவெல்லாம் உலர்ந்துபோவதால் சொத்தை எளிதில் பிடிக்கிறது என்று வைத்தியர் சொன்னார். என் பல் போனதற்கும் அந்தப் பழைய குறட்டைக்கும் சம்பந்தம் இருக்கலாம்.

மாலையில் மகன் இளநீர் வாங்கி வந்து ஸ்ட்ரா போட்டு நீட்டினான். பல் இருந்த குழியில் உறைந்து நிற்கும் ரத்தக்கட்டிதான் கீழேயுள்ள எலும்பை மூடிக் காக்கிறது. உறிஞ்சினாலோ காறித் துப்பினாலோ அது பெயர்ந்துவிடும். டம்ளரில் ஊற்றிச் சிறுகச் சிறுகக் குடித்தேன்.

வியாழக்கிழமை

நள்ளிரவில் இடியோடு மழை, மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டர் இருந்தபடியால் யந்திரம் நிற்கவில்லை. எங்கள் பீர்க்கன்கரணை 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. என்றாலும் ஏரிப்பக்கத்துத் தெருக்களில் மழை வலுத்தால் விளக்கு அணைவது இன்னும் மாறவில்லை. இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லாத வீட்டில் இந்த வியாதிக்காரர் ஒருவர் இருந்தால் அவர் அப்போது என்ன செய்வார் என்ற நினைவு என்னை வெகுநேரம் விழித்திருக்கச் செய்தது.

நாங்கள் குடியிருப்பதற்குச் சற்று வடக்கே, ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வாங்கிக் கொடுத்த ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் சௌரிமுத்து என்பவர் 1928-இல் க்ஷயரோகிகளுக்காக அதை ஸ்தாபித்தார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கத்தில் அவர் நடத்திய ஆரோக்கிய நிலையத்தில்தான் 1917-இல் கணித மேதை ராமானுஜன் சிகிச்சை பெற்றார். நல்ல காற்றும் ஓய்வுமே அன்றைக்கு அந்த நோய்க்குப் பிரதான மருந்து. 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அந்த ஸ்தாபனம் இன்றும் நெஞ்சக நோய்களுக்கு வைத்தியம் செய்துவருகிறது. சுவாசத்தின் அருமையை இந்தப் பிரதேசத்துக்குப் புதிதாக யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை

வீக்கம் வடிந்துவருகிறது. குழி வறண்டு எலும்பு வெளித்தெரிந்தால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் காது வரையில் இழுக்கும் கடும் வலி வருமென்று எச்சரித்திருந்தார்கள், வரவில்லை. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஆறவைத்து வலப்புறமாகச் சாப்பிடுகிறேன்.

பார்க்க வந்த பக்கத்துத் தெரு நண்பர் ஒன்று சொன்னார். அவரும் யந்திரக்காரர், சென்ற வருஷம் வேறோரிடத்தில் பல் பிடுங்கியபோது யாரும் அவரைக் கேட்கவில்லை. புண்ணில் காற்று படுமே என்று பயந்து, புண் ஆறட்டும் என்று யந்திரத்தைத் தாமாகவே மூட்டைகட்டி வைத்துவிட்டாராம். பழைய குறட்டை திரும்பிற்று, காலையில் தலைவலி, பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே உறங்கிவிழ, யாரோ தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். “கேக்கணும்னு தோணலை சார், யாரைக் கேக்கறதுன்னும் தெரியலை” என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானபோது, தூக்கத்தில் சுவாசம் தடைப்படும் இதே வியாதியைத்தான் வைத்தியர்கள் காரணமாகச் சொன்னார்கள். அதன் பிறகும் இதை வெறும் குறட்டை என்று எண்ணுகிறவர்களே நம்மில் அதிகம்.

அடுத்த செவ்வாய்

தையல் பிரித்தாயிற்று. புண்ணின் வாய் கூடிவருகிறது. வாயையும் மூடும் என் பழைய முகமூடியை இனிப் போட்டுக்கொள்ளலாம் என்று அநுமதி கிடைத்தது.

புறப்படும்போது வைத்தியரிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொண்டேன்: படிவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கீழே, ‘தூக்கத்தில் மூச்சு அடைப்பு உண்டா? யந்திரம் உபயோகிக்கிறாரா?’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுத்த கட்டு அச்சிடும்போது சேர்ப்பதாகச் சொல்லி, மேஜை மேல் இருந்த தாள்களை, அதுவரைக்கும் அந்த வரியைக் கையாலேயே எழுதிவைக்கும்படி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். தமிழ்நாட்டில் பல் வைத்தியம் செய்கிற ஒவ்வொருவரும், சிறு கிளினிக்கானாலும் பெரிய கல்லூரி ஆஸ்பத்திரியானாலும், இந்த ஒரு வரியைத் தங்கள் படிவத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று வேண்டுகிறேன். அது சேரும் வரையில், யந்திரம் வைத்து உறங்குகிற அன்பர்கள் பல்லுக்குப் போகும் நாளில் தங்கள் முகமூடியையும் செஸ்ட் டாக்டரின் தொலைபேசி எண்ணையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.