'மணியை அனுப்பிட்டோமே, நமக்கு எப்படி வரும்?' - அம்மாவின் உண்ணிக் காய்ச்சலும் நான் வைத்த தப்பான படமும்!

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு செய்தியை ஏற்ற எனக்குப் பத்து நிமிடம் போதும். அறிக்கை வரும், தலைப்பு வைப்பேன், படம் தேடுவேன், லிங்க்கை என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டுவிடுவேன். 2024 டிசம்பர் கடைசியில் அப்படித்தான் பொது சுகாதாரத் துறையின் எச்சரிக்கை ஒன்று வந்தது. 'ஸ்க்ரப் டைபஸ்' எனப்படும் உண்ணிக் காய்ச்சல் தமிழகத்தில் அதிகரிக்கிறது, கவனமாக இருங்கள் என்று. மாவட்டப் பட்டியலில் வேலூரும் இருந்தது. எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். பட்டியலை டைப் செய்தபோது அது எனக்கு உறைக்கவே இல்லை.

படத்துக்காக 'உண்ணி' என்று தேடினேன். நாயின் காது மடலில் ரத்தம் குடித்து, வேர்க்கடலைப் பருப்பு மாதிரி உப்பிப்போன உண்ணிகள் வரிசையாக ஒட்டியிருக்கும் படம் கிடைத்தது. பார்த்தாலே உடம்பு கூசும். கூசினால்தானே க்ளிக் செய்வார்கள்! அதையே வைத்தேன்.

என் அம்மா நான் எழுதுவதை முழுதாகப் படிக்க மாட்டார். ஆனால், ஸ்டேட்டஸில் படம் பார்க்காமல் தூங்கவும் மாட்டார். அன்று ராத்திரியே போன்.

"இன்னா பாப்பா படம் அது, பாக்கவே அருவருப்பா கீது. நம்ம மணி காதுலயும் அப்பிடித்தான் ஒட்டிக்கினு கீது. காய்ச்சல் வருமாமே?"

"ஆமாம்மா, ஜாக்கிரதையா இருங்க" என்றேன். அடுத்த செய்திக்கு லேட்டாகிக்கொண்டிருந்தது.

மறுநாளே மாமா வந்து, ஆறு வருஷமாக வாசலில் படுத்துக் கிடந்த மணியை டி.வி.எஸ்.-50-ல் தூக்கிப்போட்டுத் தன் பம்ப்செட் கொட்டகைக்குக் கொண்டுபோனார். அம்மா வாசலை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார். அத்தோடு ஆபத்து போய்விட்டது என்று நம்பிவிட்டார். பிறகு வழக்கம்போல அரிவாளை எடுத்துக்கொண்டு, மாட்டுக்குப் புல் அறுக்க ஏரிக்கரைப் புதருக்குப் போனார். வெறுங்காலோடு. புல்லிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து அறுப்பதுதான் அவர் பழக்கம். களைத்தால் முந்தானையை விரித்து அங்கேயே சாய்வார்.

உண்மையில் அந்த நோய் இருந்தது அந்தப் புதரில்தான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, நான் அப்போதே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதிவிடுகிறேன். நாயிடமும் மாட்டிடமும் நாம் பார்க்கும் உண்ணி வேறு. ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது ஒரு வகை நுண்ணிய சிலந்திப்பேன். அதுவும் வளர்ந்த பேன் இல்லை, முட்டையிலிருந்து வந்த அதன் இளம்புழு. அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்கு அகப்படாத அளவு. புல், புதர், வரப்பு, எலி நடமாட்டம் உள்ள இடம் இவைதான் அதன் வீடு. நம் உடம்பில் ஏறி, தோல் மெல்லிசாக இருக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். வலிக்காது. அதன் எச்சில் வழியாக 'ஓரியன்ஷியா சுட்சுகமுஷி' என்ற பாக்டீரியா நமக்குள் வரும். காய்ச்சல் தெரிய சுமார் பத்து நாள் ஆகும், சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகலாம். அதற்குள் எங்கே உட்கார்ந்தோம், எங்கே படுத்தோம் என்பதே மறந்துபோயிருக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது.

தமிழில் இரண்டுக்கும் 'உண்ணி' என்றே சொல்கிறோம். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் சறுக்கினேன், அம்மாவும் சறுக்கினார்.

பொங்கல் முடிந்து நான் சென்னை திரும்பிய நாலாவது நாள் அம்மாவுக்குக் குளிர் ஜுரம். மண்டை பிளக்கும் தலைவலி. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, டெங்கு இல்லை என்றார்கள். டைபாய்டாக இருக்கும் என்று வேறு ஆன்டிபயாடிக். ஜுரம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. வழக்கமாகக் காய்ச்சலுக்குத் தரப்படும் பல ஆன்டிபயாடிக்குகள், அதாவது பென்சிலின் குடும்பத்து மருந்துகளும் அதன் உறவுகளும், இந்தக் கிருமியிடம் எடுபடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆறாவது நாள் போனில் நானே கேட்டேன். "அம்மா, அந்த உண்ணிக் காய்ச்சலா இருக்குமோ?"

"மணியைத்தான் அனுப்பிட்டோமே, நமக்கு எப்பிடி வரும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தப் போனில் இன்னொன்றும் நடந்தது. அம்மா அடிக்கடி, "கேக்கல பாப்பா, கேக்கல" என்றார். சிக்னல் இல்லை என்று நினைத்துக் கத்திக் கத்திப் பேசினேன். ஸ்க்ரப் டைபஸ் வந்தவர்களில் சிலருக்குக் காது மந்தமாகும், இரைச்சல் கேட்கும். சிக்னல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

எட்டாவது நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அப்பா அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒரு இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா என்ன வேலை செய்றாங்க?" புல் அறுப்பார் என்று அப்பா சொன்னதும், "உடம்புல எங்கயாவது கறுப்பா புண்ணு இருக்கா?" என்றாராம். இல்லை என்றார் அம்மா. டாக்டர் விடவில்லை. நர்ஸ் அக்காவை அழைத்து, திரைக்குப் பின்னால் முழுதாகப் பார்க்கச் சொன்னார். இடது மார்புக்குக் கீழே, ஜாக்கெட் இறுக்கும் மடிப்பில் இருந்தது அது. பீடி நெருப்பால் சுட்டது மாதிரி, நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியோ அரிப்போ இல்லாததால் அம்மாவுக்கே தெரியாது. தெரிந்திருந்தாலும் ஆம்பிளை டாக்டரிடம் காட்டியிருக்க மாட்டார் என்பதுதான் நிஜம்.

அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் கீழ்ப்பகுதி, காதுக்குப் பின்னால் என்று மறைவான இடமாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் இந்தப் புண் வருகிறது. எல்லோருக்கும் வரும் என்றும் சொல்ல முடியாது. புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

ரத்தத்தில் இதற்கென்று எலைசா பரிசோதனை இருக்கிறது. ஆனால், ஆரம்ப நாட்களில் அதில் தெரியாமலும் போகலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். அம்மாவுக்கு நுரையீரல் வரை பாதிப்பு போயிருந்ததால் வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றினார்கள். தீவிர பாதிப்பில் இப்படிச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்நின்று இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. எங்கள் மாவட்டத்திலிருந்தே உலகத்துக்குப் போன சேதி. அதே மாவட்டத்துக்காரியான நான் நாய் படம் வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நாள் ஜுரம் விட்டது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் விலை குறைந்த மாத்திரையிலேயே இரண்டு நாளில் குணம் தெரியும் என்றார் டாக்டர். விட்டால் மூளை, சிறுநீரகம், நுரையீரல் என்று பரவி உயிருக்கே ஆபத்து. (அதற்காக டாக்ஸிசைக்ளினை நீங்களே மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து. எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.)

தடுப்பூசி இன்னும் இல்லை. கடிபடாமல் இருப்பதுதான் ஒரே வழி. ஆனால், நாற்பது வருஷமாகப் புல் அறுக்கிறவரிடம் 'புதர்ப் பக்கம் போகாதீர்கள்' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. அம்மா இப்போது செய்வதைச் சொல்கிறேன். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொள்கிறார். காலில் செருப்புக்குப் பதில் ஷூ, உள்ளே சாக்ஸ். ஊரே சிரித்தது, இப்போது பக்கத்து வீட்டு அக்காவும் போடுகிறார். உட்கார ஒரு உரச் சாக்கு. துணியைப் புதர் மேல் உலர்த்துவதில்லை, கொடியில்தான். வயலிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் குளியல், கட்டிய துணி நேராகச் சோப்புத் தண்ணீருக்கு. கொசுவுக்குத் தடவும் டீட் கலந்த க்ரீம் இதற்கும் உதவும் என்பதால் நான் வாங்கி அனுப்புகிறேன். அது மட்டும் பிசுபிசுக்கிறதாம், தடவுவதில்லை.

அப்படியானால் நாய் உண்ணிக்கு முழு மன்னிப்பா என்றால், இல்லை. உண்ணிகள் பரப்பும் வேறு நோய்கள் உண்டு. கர்நாடகாவின் கியாசனூர் காட்டுப் பகுதியில் 1957-ல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிக்கடியால் வருவதுதான். அதனால் நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் மருந்து வாங்கித் தடவுங்கள். உங்கள் தோலில் உண்ணி ஒட்டியிருந்தால் நெருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக இழுத்து எடுத்துவிட்டு, சோப்பு போட்டுக் கழுவினால் போதும்.

ஆபீஸ் திரும்பியதும் அந்தப் பழைய செய்தியைத் திறந்தேன். படத்தை எடுத்துவிட்டு, புல் அறுக்கும் ஒரு பெண்ணின் படம் வைத்தேன். கீழே நாலு வரி சேர்த்தேன். 'ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் விடாவிட்டால், வயல், புதர் பக்கம் போன விஷயத்தை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். வீட்டில் யாரையாவது விட்டு உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள்.' ஒரு மாதம் பழைய செய்தி. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கவில்லை.

மணி இன்னும் மாமாவின் கொட்டகையில்தான் இருக்கிறது. காது சரியானதும் அம்மா முதலில் கேட்டது அதைத்தான். மாமா வீட்டுப் பிள்ளைகள் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்பதாக இருக்கிறார், உண்ணி மருந்தும் கையுமாக.