நடுவில் ஓடிய ஆறு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஓடும் ஸ்கூடாய் ஆற்றின் கதையைக் கடலிலிருந்து தொடங்கி மேலே ஏறித்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் செடெனாக் பக்கமிருந்து இறங்கி வருகிறது. மனிதர்கள் முகத்துவாரத்தில் நுழைந்து ஏறிப் போனார்கள்.

அந்த முகத்துவாரத்தில் இன்று கிழக்கே டாங்கா பேயின் அடுக்குமாடிகள், மேற்கே பெர்லிங் குடியிருப்பு. கிழக்குக் கரைக்காரர் வீட்டு வரியை ஜொகூர் பாரு மாநகர் மன்றத்தில் கட்டுகிறார். மேற்குக் கரைக்காரர் இஸ்கண்டார் புத்திரி மாநகர் மன்றத்தில் கட்டுகிறார். ஆறு இரண்டு மன்றங்களுக்கும் நடுவே கிழித்த கோடு.

1844இல் அது கோடாக இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில், ஜொகூர் ஆட்சியாளர் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் இந்த ஆற்றுக்கென ஓர் அனுமதிக் கடிதம் கொடுத்தார். ‘சூராட் சுங்கை’, அதாவது ஆற்றுக் கடிதம். ஜொகூரில் கொடுக்கப்பட்ட இவ்வகைக் கடிதங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது இதுதான். ஜொகூர் பாரு அப்போது பிறக்கவில்லை. அதன் முன்னோடியான தஞ்சோங் புத்திரி 1855இல்தான் எழுந்தது. தெமெங்கோங் சிங்கப்பூரின் தெலுக் பிலாங்காவில் இருந்துகொண்டு, நீரிணைக்கு இப்பால் கிடந்த காட்டை ஆறு ஆறாகப் பிரித்துக் கொடுத்தார்.

கடிதம் பெற்ற சீனர் ‘காங்சூ’. தியோச்சியூ பேச்சில் காங் என்றால் ஆறு, சூ என்றால் தலைவன். படகு ஏறக்கூடிய தூரத்தில் அவர் அமைத்த துறையும் கடைத்தெருவும் ‘காங்கார்’, ஆற்றின் கால். ஸ்கூடாய்க்குப் பக்கத்தில் காங்கார் பூலாய் இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. சிங்கப்பூரின் சுவா சூ காங், லிம் சூ காங் இரண்டும் இதே முறை விட்டுச்சென்ற தடங்கள்தாம்.

ஆள் கொண்டுவருவது, காடழித்துக் கம்பீரும் மிளகும் பயிரிடுவது, ஒழுங்கு காப்பது எல்லாம் காங்சூவின் பொறுப்பு. பதிலுக்கு அபினி, சாராயம், சூதாட்டம், பன்றி இறைச்சி, அடகுக்கடை ஆகியவற்றில் அவருக்கே தனியுரிமை. கம்பீர் இலையைப் பெரிய இரும்புக் கொப்பரையில் வேகவைத்துச் சாற்றை இறுக்கிக் கட்டியாக்குவார்கள். வெற்றிலையோடு சேரும் அதே துவர்ப்புக் கட்டிதான். தோல் பதனிடுவதற்கும் கப்பலேறியது. வெந்த சக்கை மிளகுக் கொடிக்கு உரம். அடுப்புக்கு விறகு தீர்ந்ததும், மண் களைத்ததும், கொட்டகையைப் பெயர்த்துக்கொண்டு இன்னும் மேலே போவார்கள். சாலை கிடையாது. உள்ளே போகும் அரிசியும் அபினியும், வெளியே வரும் கம்பீரும் மிளகும் ஒரே தண்ணீரில் போய்வந்தன. துறையில் உட்கார்ந்தவர் கையில் இரண்டு கரையும் இருந்தன.

ஆறு நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவது தஞ்சாவூர்க்காரருக்குப் புதிதல்ல. சோழ மண்டலத்தின் பழைய நாடுகள் பல வாய்க்காலை ஒட்டி, ஒரே பாசனத்தைப் பகிர்ந்த ஊர்களின் கூட்டாக வளர்ந்தவை. முதலாம் இராசராசன் நிலத்தை அளந்து வளநாடுகளை வகுத்தபோது ஆறுகள் எல்லைகளாயின. உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலுக்கும் காவிரிக்கும் நடுவே அமைந்தது. ஊர்கள் நீரைச் சுற்றிக் கூடுகின்றன. அரசுக்கு அளக்க வசதியான கோடு வேண்டியிருக்கிறது.

ஜொகூரிலும் அப்படித்தான். ஆற்றை விடுத்துத் தரைவழி தேடியதில் முதலில் ஒரு தடுமாற்றம்: 1869இல் ஜொகூர் ஆட்சியாளர் அபூ பக்கார் குனோங் பூலாய் மலையை நோக்கித் தொடங்கிய மரத் தண்டவாளப் பாதை கரையானுக்கு இரையாகிப் பாதியில் நின்றது. 1873இல் காங்சூக்களுக்கென்றே சட்டம் வந்தது. ஆற்றுத் தலைவர்கள் ஆவணத்துக்குள் அடங்கினார்கள். 1909இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் ஓடியது. அது கூலாயைத் தொட்டது, ஸ்கூடாய்த் துறையை விட்டு விலகிப் போனது. 1917இல் காங்சூ முறையையே ஒழித்தார்கள்.

செனாய், கூலாய் பக்கம் ஏறினால் நம் ஆட்களின் காலம். கம்பீர் போய் ரப்பர் வந்தது. காங்சூ போய்த் துரையும் கங்காணியும் வந்தார்கள். அங்கே அபினி, இங்கே கள்ளுக்கடை: கூலியில் ஒரு பங்கு கொடுத்த இடத்துக்கே திரும்பியது. ஆனால் தோட்டத்துத் தமிழருக்கு ஆறு முகவரியாக இருக்கவில்லை. ‘இத்தனையாம் கட்டை’ என்று சாலையோர மைல்கல்லை வைத்தே இடம் சொன்னார்கள்.

ஆற்றை ஆறாகவே கணக்கெடுத்த இன்னொரு தாளும் உண்டு. 1961 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஸ்கூடாய், தெப்ராவ் ஆறுகளிலிருந்து ஆயிரம் கேலனுக்கு 3 சென் கொடுத்து நீர் எடுத்தது. 2011 ஆகஸ்ட் 31இல் அது முடிந்து, நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஜொகூர் கைக்கு வந்தன. அந்த ஐம்பது ஆண்டும் இதை ஒரு சூராட் சுங்கை என்றே சொல்லலாம். கம்பீருக்குப் பதில் தண்ணீரே சரக்கு.

கூலாய் 2008இல் தனி மாவட்டமானது. அதன் வடக்கே செடெனாக்கில் செம்பனைக்கு நடுவே ஆறு ஓடையாகச் சுருங்குகிறது. அருகே தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன. அவற்றின் கணினிகளைக் குளிர்விக்கவும் தண்ணீர் தேவை. இந்த ஓடை கடலைச் சேர்வதற்குள் இரண்டு மாவட்டங்களைக் கடக்கிறது. நமக்குத் தெரிந்தவரை முதல் கடிதம் பெற்ற ஆறு. ஆனால் ஸ்கூடாய் என்ற பெயரில் இன்று மாவட்டமும் இல்லை, அதன் உட்பிரிவான முக்கிமும் இல்லை. ஸ்கூடாய் நகரம் அரசுப் பதிவில் பூலாய் முக்கிமில் இருக்கிறது. பூலாய் என்பது பக்கத்து ஆற்றின் பெயர்.