ஏழு குடும்பங்கள் கரையேறிய கடலோரம்



மும்பையில் இருபது, முப்பது ஆண்டுகளாய் வாழ்ந்துவரும் நம் ஜனங்களில் அநேகருக்கு இம்மாநகரம் என்பது மூன்றே இடங்கள்தாம்: குடியிருக்கும் வீடு, வேலை செய்யும் கம்பெனி, ஆராதிக்கும் சபை. விடுமுறை கிடைத்தால் ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறோம். சிறையிருப்பில் போனவர்கள் தாங்கள் வாழும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபிக்க வேண்டும் என்பது எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் கட்டளை. கண்ணால் காணாத பட்டணத்துக்காகப் பாரத்தோடு எப்படி ஜெபிக்க முடியும்?

இந்த எண்ணத்தோடு, ஒரு ஜனவரி மாத விடுமுறையில், எங்கள் சபையைச் சேர்ந்த நண்பர் ஒருவரும் நானும் ஆளுக்கொரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். பையில் இரண்டு மாற்றுடை, ஒரு போர்வை, தண்ணீர் பாட்டில், வேதாகமம். நண்பர் நெல்லைச் சீமைக்காரர். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை. அவருடைய இருதயத்தில் வேறொரு சுமையும் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

கோட்டைப் பகுதியில் ஒரு பகல்

நீங்களும் செல்ல விரும்பினால், சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். நம் முன்னோர் ‘வி.டி.’ என்று அழைத்த நிலையம் இதுவே. 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இவ்விடத்தையடுத்த போரிபந்தரிலிருந்துதான் தானேவுக்குப் புறப்பட்டது. அவசரமாய் ஓடிக் கடக்கும் இந்தக் கட்டடத்தை ஒரு நாளாவது நின்று, தலைநிமிர்ந்து பாருங்கள். 2004-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கிருந்து நடந்துசெல்லும் தூரத்தில் 1718-இல் ஆராதனைக்காகத் திறக்கப்பட்ட புனித தோமா பேராலயம் இருக்கிறது. பழைய கோட்டை மதிலில் இந்த ஆலயத்துக்கு வழிவிட்ட வாசலே ‘சர்ச்கேட்’. தினந்தோறும் லட்சக்கணக்கானோர் உச்சரிக்கும் அந்த ரயில் நிலையத்தின் பெயருக்குள் ஓர் ஆலயத்தின் வாசல் இருப்பதை எத்தனை பேர் அறிவர்!

இன்னும் சற்றுத் தெற்கே, காலா கோடாவில், 1884-இல் கட்டப்பட்ட நீலநிற யூத ஜெப ஆலயம் ஒன்றைக் காணலாம். பார்வையிட விரும்புகிறவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருப்பது நல்லது. “யூதர்கள் இங்கே எப்படி வந்தார்கள், அண்ணாச்சி?” என்று நண்பர் ஆச்சரியத்தோடு கேட்டார். அதற்கான விடை கடலுக்கு அக்கரையில் இருந்தது.

மாலையில் மரீன் டிரைவ் ஓரமாய் நடந்து சௌபாத்தி சென்றோம். மணலில் பேல்பூரி சாப்பிட வருகிறவர்களுக்கு எதிரே வில்சன் கல்லூரி நிற்கிறது. 1829-இல் பம்பாய் வந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சனின் பெயரைத் தாங்கியது அது. அவருக்கும் முன்பாக, 1813-இல், அமெரிக்க மிஷனரி கார்டன் ஹால் இங்கு வந்தார். மராத்தியைக் கற்று, புதிய ஏற்பாட்டை அம்மொழியில் கொண்டுவர உழைத்து, 1826-இல் பிரசங்கப் பயணத்தில் காலரா கண்டு மரித்தார். இதே சௌபாத்திப் பகுதியில்தான் 1889-இல் பண்டித ரமாபாய் அம்மையார் விதவைகளுக்காகச் ‘சாரதா சதன்’ இல்லத்தைத் தொடங்கினார். மறுஆண்டு அது பூனாவுக்கு மாறியது. பிற்பாடு கேட்காவ்ன் என்னும் ஊரில் அவர் நடத்திய முக்தி மிஷனில் 1905-இல் உண்டான எழுப்புதலை பெந்தெகொஸ்தே மக்களாகிய நாம் மறக்கலாகாது. மூல மொழிகளைக் கற்று, முழு வேதாகமத்தையும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்து, 1922-இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

கடலைக் கடந்து

மறுநாள் காலை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு ஏறினோம். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். குளிர்காலத்தில் கடற்பறவைகள் கூட்டமாய்ப் படகைத் தொடர்ந்துவரும். மாண்ட்வாவிலிருந்து அலிபாக் செல்லும் பேருந்துக்கான கட்டணமும் படகுச் சீட்டிலேயே பெரும்பாலும் சேர்ந்திருக்கும். குடும்பத்தோடு வாகனத்தில் செல்கிறவர்களுக்கு, பாவ்ச்சா தக்காவிலிருந்து வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் பெரிய கப்பல் 2020-இல் தொடங்கப்பட்டது.

நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் பின்னே மங்கிக்கொண்டிருக்கையில், நண்பர் தம் இருதயத்தைத் திறந்தார்.

“அண்ணாச்சி, போன ஞாயிற்றுக்கிழமை சபையிலே பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நீட்டி, ‘அப்பா, வாசிச்சுச் சொல்லுங்க’ன்னான். அவனுக்கு முன்னாலே எனக்கு அழுகை வந்துட்டுது. அவனையும் அவ அம்மாவையும் ஊருக்கே அனுப்பிரலாமான்னு பார்க்கேன். இங்கேயே இருந்தா மொழியும் போயிரும், விசுவாசமும் போயிரும்.”

பிரியமானவர்களே, இது ஒருவருடைய கண்ணீர் மட்டுமன்று. இதை வாசிக்கும் உங்களில் பலருடைய இராக்கால ஜெபமும் இதுவே அல்லவா? மகனை ஊருக்கு அனுப்பினால் பள்ளிப் படிப்பு இடையில் முறியும். தகப்பன் இங்கே, பிள்ளை அங்கே என்று குடும்பம் இரண்டாகும். அனுப்பாவிட்டால் அடுத்த தலைமுறை என்னவாகும்? நான் உடனே பதில் கூறவில்லை.

நவ்காவ்ன் கல்லறைகள்

அலிபாக்கிற்கு வடக்கே, கடற்கரையோரத்தில் நவ்காவ்ன் என்னும் சிற்றூர் உண்டு. ‘பெனே இஸ்ரவேல்’ எனப்படும் மராத்தி யூதர்களின் பாரம்பரியத்தின்படி, பல நூற்றாண்டுகளுக்கு முன் அவர்களுடைய முன்னோர் வந்த கப்பல் இந்தக் கரைக்கு அருகே உடைந்தது. ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மாத்திரமே உயிரோடு கரையேறினார்கள். மரித்தவர்களை இக்கரையிலேயே அடக்கம் செய்தார்களாம். அவ்விடத்தில் இன்றும் பழைய கல்லறைகளும் ஒரு நினைவுத்தூணும் உள்ளன.

தப்பிப் பிழைத்தவர்கள் கொங்கண் கிராமங்களில் குடியேறி, செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்தார்கள். மராத்தியே வீட்டு மொழியாயிற்று. தங்கள் ஊர்ப்பெயர்களோடு ‘கர்’ சேர்த்துக் குடும்பப் பெயர் வைத்தார்கள். எபிரெய மொழி அவர்களை விட்டுப்போயிற்று. ஆயினும் சனிக்கிழமையன்று அவர்களுடைய செக்கு ஓடவில்லை. சுற்றிலும் இருந்தவர்கள் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை ஓய்ந்திருக்கும் வாணியர் என்று அழைத்தார்கள். விருத்தசேதனத்தையும் உணவுக்கட்டளைகளையும் காத்தார்கள். ஜெபங்களில் அவர்கள் நினைவில் தங்கியது உபாகமம் 6-ஆம் அதிகாரத்திலுள்ள ‘ஷெமா’.

நண்பர் வெகுநேரம் அக்கல்லறைகளின் அருகே நின்றார். பிறகு, “மொழி போயிட்டு, ஓய்வுநாள் போகல்லியே, அண்ணாச்சி!” என்றார்.

அன்பானவர்களே, இதைச் சற்றுச் சிந்தியுங்கள். அவர்களுக்கு ஆலயம் இல்லை, ஆசாரியன் இல்லை, கையில் வேதச்சுருள் இல்லை. வீடுதான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்கையிலும், வழியில் நடக்கையிலும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளுக்குப் போதிக்கவேண்டும் என்று கட்டளையிடுவதும் அதே உபாகமம் 6-ஆம் அதிகாரமே. எதை மறவாமல் காத்தார்களோ, அதுவே பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்லும் வசனமாயிருந்தது.

அதேவேளையில், மொழியை இழந்ததற்கு அவர்கள் கிரயமும் செலுத்தினார்கள். வேதத்தைத் தாங்களே வாசிக்க இயலாமற்போயிற்று. கொச்சியிலிருந்து வந்த யூத ஆசிரியர்களும், பிற்பாடு மிஷனரிப் பள்ளிகளும் அவர்களுக்கு எழுத்தைத் திரும்பக் கொடுக்கவேண்டியிருந்தது. ஜான் வில்சன் மராத்தியில் எபிரெய இலக்கணமே எழுதினார். ஆகவே, மொழி போனால் போகட்டும் என்று இருப்பதும் ஞானமல்ல.

அலிபாக் நகரில் ‘இஸ்ரவேல் ஆளி’ எனப்படும் தெருவில் அவர்களுடைய ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. 1948-இல் இஸ்ரவேல் தேசம் உருவான பின் பெரும்பாலான குடும்பங்கள் அங்கே சென்றுவிட்டன. சில குடும்பங்களே எஞ்சியுள்ளன.

கடல்கோட்டையும் காந்தமானியும்

அலிபாக் கடற்கரைக்கு எதிரே, 1680-இல் சிவாஜி மகாராஜா கட்டத் தொடங்கிய குலாபா கோட்டை கடலுக்குள் இருக்கிறது. நீர் வற்றும் வேளையில் நடந்தே செல்லலாம். குதிரை வண்டிகளும் உண்டு. நீர் ஏறும் நேரத்தைக் கேட்டறிந்து செல்லுங்கள். நான்குபுறமும் உப்புநீர் சூழ்ந்த அக்கோட்டைக்குள் நன்னீர்க் கிணறு உண்டு!

கரையில் ஒரு காந்தப்புல ஆய்வகமும் உள்ளது. பூமியின் காந்தத்தை அளக்கும் பணி 1840-களிலிருந்து பம்பாயின் கொலாபாவில் நடந்துவந்தது. நகரத்துக்கு மின்சார டிராம் வரவிருந்தபோது, அதன் மின்னோட்டத்தால் நுண்ணிய முள் தடுமாறும் என்று அறிந்து, 1904-இல் ஆய்வகத்தை அமைதியான அலிபாக்கிற்கு மாற்றினார்கள். கட்டடத்துக்குக் காந்தத் தன்மையற்ற கல்லையே தேர்ந்தெடுத்தார்கள். நம் பிள்ளைகளின் உள்ளத்திலுள்ள முள்ளும் அத்தகையதே. நகரத்தை விட்டு ஓட எல்லாராலும் முடியாது. ஆனால் தொலைக்காட்சியும் செல்போனும் ஓய்ந்திருக்கும் அரைமணி நேரத்தை எந்தச் சிறு வீட்டிலும் உண்டாக்கலாம்.

திரும்பும் படகில் நண்பர் தீர்மானத்தைச் சொன்னார்: “அவன் இங்கேயே படிக்கட்டும். நான் தினமும் ராத்திரி அவன்கூட உட்காருதேன்.” இப்போது அவர்கள் வீட்டில் தகப்பன் தமிழில் ஓர் அதிகாரம் வாசிக்கிறார், மகன் அதையே இந்தியில் வாசிக்கிறான், பின்பு தமிழில் இரண்டு வசனங்களை எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறான். ஆனால் ஒரு நாளும் தவறுவதில்லை.

செல்ல விரும்புவோருக்கு ஒரு வார்த்தை: நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகுகள் ஓடா. பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். வழியில் நடக்கும்போது போதிக்கச் சொன்ன தேவன், அந்த வழியிலும் உங்களோடு நடப்பார். அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.