சாய்ந்த நார்கள்

காரைக்காலில் அக்கா மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நாங்கள் செய்வது பிரிஸில்பாட். 2007-இல் அமெரிக்காவின் ‘ஈவில் மேட் சயின்டிஸ்ட்’ குழு பிரபலமாக்கியது. டூத்பிரஷின் தலையை மட்டும் வெட்டி, அதன் முதுகில் பழைய செல்போனின் வைப்ரேஷன் மோட்டாரையும் 3 வோல்ட் பட்டன் செல்லையும் ஒட்டினால் போதும்.

“ஆர்டுயினோ ஒண்ணு வாங்கி வச்சா பரிசு கிடைக்கும்ல, நீதான் இன்ஜினியராச்சே?” என்றாள் அக்கா. அரை மணி நேரத்தில் கோட் எழுதிவிடலாம். அப்புறம் அது என் புராஜெக்ட்.

மோட்டார் அச்சில் எடை ஒரு பக்கமாகவே இருக்கும். சுழன்றால் பிரஷ் அதிரும். சரி, முன்னால் ஏன் ஓடணும்? நேர் நார் பிரஷ் நின்ற இடத்திலேயே தடுமாறியது. நார்கள் பின்பக்கம் சாய்ந்த பிரஷ் மேஜை விளிம்புவரை ஓடியது. நான் உராய்வு, கோணம் என்று ஆரம்பித்தேன்.

“மாமா, சட்டைக் கைக்குள்ள புல்லுக் கதிர விட்டா தானா மேல ஏறுமே, அதானே இது?”

அதேதான். ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் பிடித்துக்கொள்ளும். இயற்பியல் புத்தகம் இதற்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும்.

சார்ட்டில் ‘தத்துவம்’ என்ற தலைப்புக்குக் கீழே, வரப்பில் பறித்த கதிர் ஒன்றை செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறாள்.